பட்டியலில் முதலிடமா, கடைசி நாள் வெற்றியா: யார் சாம்பியன்?

03-11-2025, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பெண்கள் உலகக் கோப்பையை நாம் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் லீக் சுற்றில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று அணிகளிடம் தோற்று, 7 புள்ளிகளோடு நான்காவது இடத்தில் தொற்றிக்கொண்டு வந்த அணி கோப்பையைத் தூக்குகிறது. லீக் சுற்றில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 13 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த ஆஸ்திரேலியா, ஒரே ஒரு நாள் சறுக்கியதற்காக மூட்டை கட்டுகிறது. ஒரு மாத உழைப்பை ஒரு நாள் அழித்துவிடும் என்றால் லீக் சுற்று எதற்கு? பட்டியலில் முதலில் நிற்பவருக்கே பட்டம் என்று வைத்துவிடலாமே?

04-11-2025, இரவு 10:20

ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு வரை நானும் விழித்திருந்து பார்த்தேன். மழையால் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கிய அந்த ஆட்டத்தில் ஷஃபாலி வர்மா 87 ஓட்டங்கள் குவித்ததையும், தீப்தி சர்மா 58 ஓட்டங்கள் எடுத்துவிட்டுப் பந்து வீச்சில் 5 விக்கெட்டுகளைச் சாய்த்ததையும் பார்த்துவிட்டு, காலையில் பட்டறையைத் திறக்கப் போகும்போதும் மனம் நவி மும்பையிலேயே இருந்தது. இருந்தாலும், இந்தக் கேள்வியை வெற்றிக் களிப்பில் தள்ளிவிட முடியவில்லை.

என் கட்சி, நீண்ட பட்டியலின் பக்கம். அதற்கு நான் நேரில் கண்ட சாட்சி ஒன்று உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில், ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி பெயரில்தான் சென்னையைச் சேர்ந்தது. அதன் சொந்த மைதானம் நம் கோவை. அன்று அது மினர்வா பஞ்சாபோடு மோதியது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடியது. மாதக்கணக்கில் ஆடிய இருபது ஆட்டங்களின் கணக்கு இரண்டு மைதானங்களில் ஒன்றரை மணி நேரத்தில் முடிய இருந்தது.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. எங்கள் பக்கத்துப் படிக்கட்டில் பேச்சு மூச்சு இல்லை. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் அது அவருடைய 21-ஆவது கோல். எனக்கு முன்வரிசையில், உக்கடத்தில் கடை வைத்திருக்கும் மலையாளிப் பெரியவர் ஒருவர் காதிலிருந்து கைப்பேசியை எடுக்கவே இல்லை. கௌரவ் போரா நம் இரண்டாவது கோலை அடித்துக் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தபோதே, அவர் திரும்பிக் கையை உயர்த்தி "கோகுலமும் அடிச்சு!" என்று கத்தினார். ஈஸ்ட் பெங்கால் பின்னர் இரண்டு கோல் போட்டு அந்த ஆட்டத்தை வென்றதுதான். ஆனால் கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்றையும் அடிக்க, 3-1 என்று நாம் முடித்தோம். 43 புள்ளிகள், 42 புள்ளிகள். பட்டம் கோவையில் தங்கியது.

அங்கே இறுதிப் போட்டி என்று ஒன்று இல்லை. ஆனாலும் அன்று நான் பட்ட பதற்றத்தை எந்த இறுதிப் போட்டியும் எனக்குத் தந்ததில்லை. டிரா செய்திருந்தாலும் போதும் என்ற நிலையில் இருந்த அணி வெற்றிக்காகவே ஆடியது.

05-11-2025, காலை 6:50

மேலே எழுதியதன் கடைசி வாக்கியம் பிழை. நள்ளிரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் டிரா செய்திருந்தால் 41 புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். கோழிக்கோட்டில் வென்ற ஈஸ்ட் பெங்கால் 42-ஓடு பட்டத்தைக் கொண்டுபோயிருக்கும். வென்றே தீர வேண்டிய நிலை அது.

08-11-2025, இரவு 9:05

பட்டியலின் பக்கம் நிற்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. இந்த ஆண்டு டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் போட்டியில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் ஏழு லீக் ஆட்டங்களில் ஏழையும் வென்றது. அதன் பிறகு முதல் தகுதிச் சுற்றில் திருப்பூர் தமிழன்ஸிடம் தோற்றது. இரண்டாவது வாய்ப்பில் திண்டுக்கல் டிராகன்ஸிடம் தோற்றது. ஜூலை 6 அன்று நத்தத்தில் நடந்த இறுதிப் போட்டியில் திருப்பூர் 220 ஓட்டங்கள் குவித்து, திண்டுக்கல்லை 102-க்குச் சுருட்டி, 118 ஓட்ட வித்தியாசத்தில் முதல் முறையாகக் கோப்பையை எடுத்தது. நான் பிறந்தது பல்லடம் வட்டாரத்தில். திருப்பூர் வென்ற அன்று தெருவில் வெடி வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும், ஏழுக்கு ஏழு வென்றவர்களின் கையில் ஒரு தட்டுகூட இல்லாமல் அனுப்பியது சரி என்று எனக்குப் படவில்லை.

2022 இறுதிப் போட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். ஜூலை 31 அன்று எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் கோவை கிங்ஸும் சேப்பாக்கமும் மோதின. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றும் சாரலும் கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. அன்று அது சாரலோடு நிற்கவில்லை. ஆட்டம் பாதியில் நின்றது, கோப்பையை இரண்டு அணிகளும் பகிர்ந்துகொண்டன. நனைந்த சட்டையோடு பேருந்து ஏறியபோது வென்றோமா இல்லையா என்று மகன் கேட்டான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. "ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க" என்று சொன்னேன். அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும்தான்.

12-11-2025, இரவு 11:15

உடுமலையிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "பட்டியலும் வேண்டாம், இறுதிப் போட்டியும் வேண்டாம், ரேக்ளாவைப் பாருங்கள்." படித்தவுடன் என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் கண் முன்னால் வந்துவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தென் மாவட்டங்களில் மாட்டு வண்டிகள் சாலையில் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றையொன்று முந்தும். நம் பக்கத்து ரேக்ளா அப்படியல்ல. 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் தடத்தில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடும். எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, குறைந்த நேரத்துக்குப் பரிசு கொடுப்பார்கள். காளைகளின் பல்லைப் பார்த்து வயதை அறிந்து பிரிவு பிரிப்பார்கள். எதிராளி என்று யாரும் இல்லை. குலுக்கலில் வலுவான அணி வந்து சேர்ந்தது என்ற புலம்பலுக்கும் இடமில்லை.

எண்பதுகளின் நடுவில் அப்பிச்சியிடம் ஒரு ஜோடி மயிலைக் காளைகள் இருந்தன. பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பருத்திக் கொட்டை ஆட்டி வைப்பதும், வாய்க்காலில் நீச்சல் விடுவதும், இரவில் எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பதுமாக இருப்பார். ஒரு தை மாதம், எங்கள் வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் பிடித்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் கத்திய பிறகுதான் பொத்தானை அழுத்தினார். நாங்கள் மூன்றாவது என்றார்கள். அப்பிச்சி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. காளைகளின் முதுகில் ஈரத் துண்டைப் போட்டபடி, "மாட்டுக்கு நாம ஜெயிச்சோம்னு தெரியும் கண்ணு, அதுக்கு மேல யாருக்குத் தெரியணும்?" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் அழுதேன்.

ஆகவே அண்ணனுக்கு என் பதில்: கடிகாரம் தூய்மையான தராசுதான், ஆனால் அதைப் பிடிக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்தது. இன்று பல இடங்களில் உணர்கருவி வைத்து நேரம் எடுக்கிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்று, 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மீண்ட பந்தயம் இது. மீண்டு வரும்போது கையில் பிடித்த கடிகாரத்தை விட்டுவிட்டு வந்தது பெரிய நன்மை.

17-11-2025, இரவு 10:45

இரண்டு வாரமாகப் பட்டியல், பட்டியல் என்று எழுதிவிட்டு, இன்று மாற்றி யோசிக்கிறேன். காரணம், 1998-இல் நான் ஆடிய ஒரு கபடிப் போட்டி.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் நோன்பையொட்டி நடந்த இரவுப் போட்டி. பதின்மூன்று அணிகள் பெயர் கொடுத்திருந்தன. சீட்டுக் குலுக்கியதில் மூன்று அணிகளுக்கு முதல் சுற்று ஆடாமலேயே 'பை' கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி, மூன்று ஆட்டங்களை வென்று, இறுதிப் போட்டிக்கு நாங்கள் நின்றபோது விடியற்காலை நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. எதிரே நின்றவர்கள் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு வந்தவர்கள். பனியில் சுண்ணாம்புக் கோடு மண்ணோடு குழைந்து, எது கோடு, எது காலடி என்று தெரியாத நிலை. கடைசிப் பாட்டுக்கு, அதாவது ரெய்டுக்கு, நான் போனேன். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இடது கால் பக்கக் கோட்டை மிதித்ததாக நடுவர் விசில் ஊதினார். ஒரு புள்ளியில் தோற்றோம். சுழற்கோப்பை அடுத்த ஊருக்குப் போனது.

பல ஆண்டுகளாக அதை அநியாயம் என்றே நினைத்து வந்தேன். இன்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பதின்மூன்று அணிகள், தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறையில் ஆடினால் பன்னிரண்டு ஆட்டங்களில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடுவதென்றால் 78 ஆட்டங்கள். ஆடியவர்கள் அத்தனை பேரும் விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்கள்; மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷிப்ட். விளக்குகளும் ஜெனரேட்டரும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்தவை. நாக்-அவுட் என்பது யாரோ அநியாயம் செய்யக் கண்டுபிடித்த முறை அல்ல. நேரமும் காசும் இல்லாதவர்களும் ஒரு கோப்பைக்காக ஆட வேண்டும் என்றால் அதுதான் வழி. சின்னப்பம்பட்டி நடராஜன்கூட இருபது வயது வரை டென்னிஸ் பந்துப் போட்டிகளில்தான் ஆடினார். அவர் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடி முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தபோது, சேலத்துக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் நெஞ்சு நிமிர்ந்தோம்.

கோபி நண்பரிடம் நான் முதலில் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 'பை' மட்டும் இன்னும் உறுத்துகிறது.

24-11-2025, காலை 7:10

லாஸ் வேகாஸ் பார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த லாண்டோ நோரிஸையும் நான்காவதாக வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரியையும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். காரின் அடியில் இருக்கும் பலகை அனுமதித்த 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்ததாம். லேத்தில் மைக்ரோமீட்டர் பிடித்து வாழ்கிறவன் என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். அளவு என்றால் அளவுதான். நோரிஸுக்கு 18 புள்ளிகள் போயின.

பட்டியல் என்பது கூட்டல் கழித்தல் மட்டும் காட்டும். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று காட்டாது. நம் ஊர் நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்னில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 5. அத்தனையும் 2005 ஜூன் மாதம் இண்டியானாபோலிஸில் ஒரே பந்தயத்தில் வந்தவை. மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று அந்த டயரைப் பயன்படுத்திய அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயம் அது. நான்காவதாக வந்தார். சிலர் அதைக் குறைத்துப் பேசுவார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. அன்று களத்தில் நின்று ஓட்டி முடித்தார், விதிப்படி புள்ளி பெற்றார். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் இன்று ஹெல்மெட் மாட்டும் பிள்ளைகளுக்கு, இந்தியர் ஒருவர் அங்கே புள்ளி எடுத்தார் என்பதே முன்னால் நடந்த கதை.

27-11-2025, இரவு 9:30

கோவாவில் உலகக் கோப்பைச் சதுரங்கம் நேற்று முடிந்தது. உஸ்பெகிஸ்தானின் ஜவோகிர் சிந்தாரோவ், 19 வயது, வென்றுவிட்டார். உலக சாம்பியன் குகேஷ் மூன்றாவது சுற்றிலேயே வெளியேறினார். இரண்டே ஆட்டம், ஒன்று தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதே குகேஷ் சென்ற ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் 14 ஆட்டங்கள் ஆடி 7.5-6.5 என்று டிங் லிரனை வென்றவர்.

நீண்ட தொடரே நியாயம் என்பதற்கு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது: அந்த 14 ஆட்டங்களும் முடிவானது கடைசி ஆட்டத்தில், டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திய அந்த ஒரு நொடியில். அது வரை 6.5-6.5. மூன்று வாரம் ஆடினாலும் முடிவு ஒரு நொடிக்குள் வந்து நிற்கலாம்.

08-12-2025, இரவு 8:40

பார்முலா ஒன் முடிந்துவிட்டது. நேற்று அபுதாபியில் வெர்ஸ்டாப்பன் முதலாவது, பியாஸ்ட்ரி இரண்டாவது, நோரிஸ் மூன்றாவது. பட்டம் நோரிஸுக்கு. அவருக்கு 423 புள்ளிகள், வெர்ஸ்டாப்பனுக்கு 421 புள்ளிகள்.

இதைக் கோபி நண்பர் கவனிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அதிகப் பந்தயங்களை வென்றவர் வெர்ஸ்டாப்பன், எட்டு. நோரிஸ் ஏழு. கடைசிப் பந்தயத்தையும் வென்றவர் வெர்ஸ்டாப்பன்தான். வெற்றிகளை எண்ணினால் ஒருவர் சாம்பியன், புள்ளிகளை எண்ணினால் இன்னொருவர். பட்டியலின் முதலிடம் தானாக விளைவதில்லை. எதை எண்ணுவது என்று யாரோ முன்கூட்டியே தீர்மானித்ததன் விளைவு அது. 2019 ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரிகளை எண்ணிக் கோப்பையைக் கொடுத்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். நியூசிலாந்துக்காக அன்று என் மனைவி சாப்பிடாமல் படுத்தாள். அந்த விதியைப் பிறகு மாற்றினார்கள். ஆனால் போட்டி தொடங்கும் முன்பே அச்சில் இருந்த விதி அது. ஆட்டத்தின் நடுவில் எழுதியதல்ல.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. எட்டு அணிகளில் முதல் நான்கு அரையிறுதிக்கு வரும் என்று முன்பே சொல்லித்தான் பெண்கள் உலகக் கோப்பையைத் தொடங்கினார்கள். நம் அணி நான்காவது இடத்தைத் திருடவில்லை. அதற்குப் பிறகு, தோற்காத ஆஸ்திரேலியா 338 ஓட்டங்கள் குவித்தபோது, ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 எடுத்து அதைத் துரத்தி முடித்தார். பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் அவ்வளவு துரத்தியதில்லை. ஆஸ்திரேலியா சறுக்கியது என்று சொல்லாதீர்கள். சறுக்கிய அணி 338 எடுக்காது. ஜெமிமா அவர்களை வீழ்த்தினார்.

14-12-2025, மாலை 6:15

நவம்பர் 8 அன்று எழுதியதில் ஒன்றை மட்டும் விடமாட்டேன்: சேப்பாக்கம் அணிக்கு ஒரு தட்டுகூட இல்லாதது தவறு. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் லீக் முதலிடத்துக்குத் தனிக் கேடயமும், இறுதிப் போட்டிக்குத் தனிக் கோப்பையும் கொடுத்து வந்தார்கள். அந்தத் தொடரே 2025 டிசம்பர் நடுப்பகுதி வரை இந்தப் பருவத்துக்குத் தொடங்காமல் நின்றது கால்பந்துக்கு நேர்ந்த பெரிய துயரம். கோவைக்குப் பட்டம் கொண்டுவந்த சென்னை சிட்டியும் ஐ-லீக்கில் இன்று இல்லை. நேரு விளையாட்டரங்கைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் கேடயம், கோப்பை இரண்டையும் வைத்த அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. டி.என்.பி.எல். நடத்துபவர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு அணிகளின் 28 லீக் ஆட்டங்களுக்கு ஒரு கேடயம் கொடுப்பதால் கோப்பையின் மதிப்பு குறைந்துவிடாது.

நம் கையில் இருப்பதையும் செய்யலாம். பொங்கலுக்கு எங்கள் ஊரில் கபடி நடத்துகிறார்கள்; கமிட்டியில் இந்த முறை என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நேற்று இரவு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 16 அணிகள் நாக்-அவுட் என்றால் 15 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு அரை மணி நேரம் வைத்தால் ஏழரை மணி நேரம், ஓர் இரவில் முடியும். நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால் 24 ஆட்டங்கள், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 27. அதற்குப் பதின்மூன்றரை மணி நேரம், இரண்டு இரவுகள். யாருக்கும் 'பை' இருக்காது. ஒவ்வோர் அணியும் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வீடு போகும். ஜெனரேட்டர் வாடகை இரட்டிப்பாகும். அதில் ஒரு இரவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பதிலாக நாடா அடிப்பதற்குப் பொருளாளர் ஒத்துக்கொண்டார். லீக் முறைக்கு இன்னும் இரண்டு பேர் தலையாட்ட வேண்டும். புதன்கிழமை கூடுகிறோம்.